கணினி அறை வாசலில் செருப்புகள்

அந்த அறையின் வாசலில் எப்போதும் செருப்புகள் கிடக்கும். உள்ளே இருப்பது யார் என்பதைக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். குதிகால் தேய்ந்து, வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு என்றால் உதவித்தொகை விசாரிக்க வந்தவர். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் தோல் செருப்பு தலைமை எழுத்தருடையது. சுவரை ஒட்டி ஒழுங்காக வைத்த கறுப்பு ஷூ, புதுச்சேரியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரியுடையது. கதவுக்கு மேலே ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு பலகை தொங்கும். எங்கள் ஊரில் கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் பலகை இல்லாமலே கழற்றிவிடுவார்கள். கணினிக்குத்தான் பலகை தேவைப்பட்டது.

அப்போது நான் காரைக்காலில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. முதியவர்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை வழங்கும் அலுவலகம் என் அன்றாடச் சுற்றில் ஒன்று. பழைய கட்டடம், உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். கட்டடம் முழுவதிலும் ஏ.சி. இருந்தது கணினி அறையில் மட்டும்தான். தூசியும் வெப்பமும் பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று அதை விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சித்திரை வெயிலில் அலுவலகத் தலைவருக்கு ஏதாவது ஒரு சந்தேகம் வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அரைமணி நேரம் உட்கார்ந்து தெளிந்து வருவார். ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஒரு வருடம் யாரோ திரையின் கண்ணாடி மீதே பொட்டு வைத்துவிட, அது பல வாரம் போகவில்லை. பட்டியலை மேலே கீழே நகர்த்தும்போது ஒவ்வொரு பெயராக அந்தப் பொட்டுக்குப் பின்னால் போய் மறைந்து வெளியே வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஓட்டைக் காகிதத்தை உருட்டிக்கொண்டு கிறீச்சிடும் பிரிண்டர். மாதக் கடைசியில் பட்டியலை இரண்டு பிளாப்பிகளில் ஏற்றுவார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று. அலுவலக உதவியாளர் அவற்றை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்து, புதுச்சேரிக்குப் பேருந்தில் கொண்டுபோவார். ஒரே நிர்வாகத்தின் இரண்டு ஊர்களுக்கு நடுவே வேறொரு மாநிலம் கிடப்பதால் பயணம் நீளும். பேருந்தின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது, அது பிளாப்பியை அழித்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்குக் கீழே மட்டும் இடம் காலியாக இருந்தால் அவர் உட்கார மாட்டார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சீர்காழி வரையோ சிதம்பரம் வரையோ நின்றே போவார். அப்படியும் சில மாதங்களில் பிளாப்பி திறக்காது. அந்த மாதம் பூவத்திலும் நெரவியிலும் இருக்கிற வயதானவர்களுக்குப் பணம் தள்ளிப்போகும். ஏன் என்று கேட்டால், “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது” என்பார்கள். அந்த அலுவலகத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

இதையெல்லாம் மாற்றுவதற்காகத்தான் மேடம் வந்தார். மாவட்டம் முழுவதற்கும் இணையவழியில் இயங்கும் புதிய முறையைக் கொண்டுவரும் பொறுப்பைக் கொடுத்துப் புதுச்சேரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய பதவிப் பெயர் நீளமானது. அலுவலகத்தில் எல்லோரும் ‘சிஸ்டம் மேடம்’ என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். நாற்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, உள்மணிக்கட்டில் கட்டிய கைக்கடிகாரம், வேகமான நடை. கணினி அறையின் தரை சில்லிட்டிருக்கும் என்பதால் கைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை வைத்திருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றியதும், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார். புடவைக்குக் காலுறை அணிந்தவரை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. முதல் வாரம் சிரித்தார்கள். மழைக்காலத்தில் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள்.

வந்த சில நாட்களிலேயே அந்தப் பழைய வாக்கியத்தைத் தடை செய்தார். யாராவது “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது” என்று தொடங்கினால், தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே, “அதுவா ஒண்ணும் வராது. நாம போட்டதுதான் வருது” என்பார். கோபமாகச் சொன்னதில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். ஆனால் அதற்குப்பின் சொன்னவர் எழுந்துபோய் எங்கே தவறு என்று தேடித்தான் ஆக வேண்டும்.

புதிய முறைக்காக ஒவ்வொருவரின் விவரத்தையும் சரிபார்த்துப் படம் பிடிக்க, கிராமம் கிராமமாக முகாம் போட்டார். செய்திக்காக நானும் சிலவற்றுக்குப் போனேன். வரிச்சிக்குடியில் பள்ளிக்கூட வகுப்பறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, மடிக்கணினிக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். வயதான ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “கொஞ்சம் சாதாரணமா இருங்க ஐயா” என்றார் மேடம். “அதெப்புடி மேடம், சிரிச்சாப்புல இருந்தா இந்தாளு வசதியாத்தான் இருக்கான்னு நிறுத்திப்புடுவீங்களே” என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவி, “ஒன் மூஞ்சிக்கு சிரிச்சாலும் குடுப்பாங்க, உக்காரு” என்றார். சிரிப்பு அடங்கியதும் அவரவர் முறை வந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த முகாமில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வரிச்சிக்குடி துக்கத்தில் இருந்தது.

மேடம் பிடிவாதமாக நின்றது ஒரு விஷயத்தில். பழைய பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். முதியவருக்கு ஒன்று, கணவரை இழந்தவருக்கு ஒன்று, கணவரால் கைவிடப்பட்டவருக்கு ஒன்று. பணம் வாங்குபவருக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. புதிய முறையில் எல்லோருக்கும் தமிழில் அச்சிட்ட அட்டை கொடுக்க வேண்டும், அதில் எல்லா விவரமும் இருக்க வேண்டும் என்றார். மேலிடத்தில் ஆங்கிலமே போதும் என்றார்களாம், தமிழ் எழுத்துரு அந்த மென்பொருளில் சரியாக உட்கார மறுத்தது, அவர் விடவில்லை. “தன் அட்டையத் தானே படிக்கணும். பக்கத்து வீட்டுப் புள்ளையக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லக் கூடாது” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதை நான் செய்தியில் எழுதினேன். எழுதியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அட்டைகள் வந்தன. லேமினேஷன் செய்த, பளபளக்கும் அட்டை. படம், பெயர், ஊர், எண், கடைசி வரியில் உதவித்தொகைக்கான காரணம். கொம்யூன் பஞ்சாயத்து வாரியாகக் கொடுத்து முடித்த மறுவாரம், ஒரு முற்பகலில் மேடத்திடம் ஏதோ விவரம் கேட்டுக்கொண்டு கணினி அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவு சுவரில் மோதித் திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உள்ளே வந்தார். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. கூடையை வெளியே எங்கோ இறக்கி வைத்திருக்க வேண்டும். காலில் செருப்பு. கடற்கரை மணல் ஒட்டிய, ஈரமான நீல ரப்பர் செருப்பு. அந்த அறைக்குள் செருப்போடு ஒருவர் நுழைந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“செருப்பு! ஏம்மா, செருப்பு!” என்று தலைமை எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கழட்டணும்தான். கழட்டி யார அடிக்கிறதுன்னுதான் தெரியல” என்றார் அவர்.

தலைமை எழுத்தர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்மணி அட்டையை மேடத்தின் மேசைமேல் வைத்தார். “நீங்கதானே மேடம்? படிங்க. கடைசி வரியப் படிங்க. வாய்விட்டுப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

மேடம் மனதுக்குள் படித்தார். கடைசி வரியில், ‘கணவரால் கைவிடப்பட்டவர்’ என்று இருந்தது.

“எம்புருசன் என்ன வுட்டுட்டுப் போயிட்டாருன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னா? கடலுக்குப் போனவரு. நெத்திலிக் கருவாடு சுட்டுக் குடுத்தேன், பழைய சோத்தத் தின்னாரு. சாயந்தரம் வந்து கூரைக்குக் கயிறு இழுத்துக் கட்டுறேன்னு சொல்லிட்டுப் போனாரு. கூடப் போன ரெண்டு பேரு கரைக்கு வந்துட்டாங்க, இவரு வரல. அவ்ளோதான் நடந்துச்சு. இப்ப நாத்தனா தெருவுல நின்னு கேக்குறா, எங்கண்ணனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துத்தான் நீ காசு வாங்கித் திங்கிறியான்னு. நான் என்னங்க பதில் சொல்லட்டும்?”

விவரப் பதிவுக்கு இருந்த இளம்பெண் பயத்தில் வாயைத் திறந்தார். “சிஸ்டத்துல அப்படித்தாம்மா வருது…” பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இல்ல. நாமதான் போட்டிருக்கோம்” என்றார்.

எப்படிப் போட்டோம் என்பதைத் தலைமை எழுத்தர் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அவர்தான் அந்த விண்ணப்பத்தைப் பதிவு செய்தவர். கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. பல வருடம் காத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கணவரை இழந்தவர் என்று பதிய முடியாது. “பள்ளிக்கூடம் போற மக, கூட மாமியாரு, மூணு பேரா வந்து நின்னாங்க மேடம். ஏதாவது ஒரு பிரிவுல போட்டாத்தான் காசு வரும். புருசன் கூட இல்லன்னு கொம்யூன்ல எழுதிக் குடுத்தாப் போதும்னு இருந்தது இது ஒண்ணுதான். பழைய லிஸ்டுல வெறும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. யாருக்கும் தெரியாதுன்னு போட்டேன்” என்றார். அவர் நல்லது செய்ததும் உண்மை. மேடம் தமிழில் அச்சிட்டதும் நல்லதற்குத்தான். இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்த அட்டையின் கடைசி வரியாகியிருந்தன.

மேடம் தயங்கித்தான் கேட்டார். “சான்றிதழுக்கு நான் ஏற்பாடு பண்ணிப் பாக்குறேன். கணவரை இழந்தவர்னு மாத்திடலாமா?”

அந்தப் பெண்மணி கழுத்தில் கிடந்த தாலிக் கயிற்றை விரலால் வெளியே எடுத்துக் காட்டினார். புதிதாக மஞ்சள் தேய்த்த கயிறு. பிறகு அதை உள்ளே விட்டுக்கொண்டார். “ஓடிப்போனாருன்னும் சொல்ல மாட்டேன். செத்துப்போனாருன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததெல்லாம் நான் எப்புடிங்க சொல்றது? இந்தக் காசு வேணாம். கூடை இருக்கு” என்று சொல்லி, அட்டையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அவர் நடந்துபோன தடம் வழவழப்பான தரையில் மணலாகக் கிடந்தது. மேடம் எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தார். காலுறையில் மணல் ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கழற்றினார். உதறாமல், கையிலேயே வைத்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். என் கையில் ஒரு செய்தி இருந்தது. கடலில் கணவரைத் தொலைத்த பெண்ணைக் கைவிடப்பட்டவர் என்கிறது அரசு அட்டை. மறுநாள் மாவட்டப் பக்கத்தில் மேலே வரக்கூடிய செய்தி. வாதாம் மரத்தடியில் அந்தப் பெண்மணி கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாரையோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு கை கொடுத்துவிட்டுப் பேர் கேட்டேன். “பேப்பர்காரரா நீங்க?” என்று சும்மாட்டைச் சரிசெய்துகொண்டார். “போடாதீங்க சார். அட்டைய மடியில மறைச்சுக்கலாம். பேப்பர எங்க மறைக்கிறது? நீங்க நல்லபடியாத்தான் எழுதுவீங்க. படிக்கிறவங்க அந்த ஒத்த வார்த்தையத்தான் படிப்பாங்க.” கூடையோடு கடைத்தெருப் பக்கம் நடந்தார். கொஞ்சதூரம் போனதும் “சங்கரா, வவ்வா…” என்று மீன் கூவி விற்கும் அவர் குரல் கேட்டது. நான் அந்தச் செய்தியை எழுதவில்லை.

அந்தப் பணம் வேண்டாம் என்று விடக்கூடிய நிலையில் அவர் இல்லை. அதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் படுக்கையில். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும்போது கூடைக்கு வேலை இருக்காது. அந்த நாட்களில் அவர் வீட்டு அடுப்பு இந்த உதவித்தொகையில்தான் எரிந்தது. அடுத்த தடைக்காலத்துக்கு அதிக நாள் இல்லை. மேடத்துக்கும் இது தெரிந்திருந்தது. அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, பணத்தை நிறுத்தாமல் தபால் நிலையத்துக்கு அனுப்பினார். அந்தப் பெண்மணி போய் வாங்கவில்லை. பணம் திரும்பி வந்தது.

அடுத்த சில நாட்கள் மேடம் தொலைபேசியோடு இருந்தார். புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்க முடியுமா என்று மென்பொருள் எழுதிய நிறுவனத்தைக் கேட்டார். முடியும், அரசாணை இருந்தால் என்றார்கள். அரசாணைக்குப் புதுச்சேரியைக் கேட்டார். ஒருவருக்காக எப்படி என்றார்கள். கடலோரத்தில் இப்படி ஒருவர் மட்டுமில்லை என்றார். எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதி அனுப்பினார். நானறிந்தவரை அதற்குப் பதில் வந்ததில்லை. கோப்பு வழியில் முடிந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்த மேடம், ஒரு மதியம் தன் கைப்பையைக் கவிழ்த்தார். தேர்தல் அட்டை, ஓட்டுநர் உரிமம், நூலக அட்டை, அலுவலக அடையாள அட்டை. ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாக வைத்துப் படித்தார். தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார்.

“இதுல எதுலயாவது, இத எனக்கு ஏன் குடுத்தாங்கன்னு போட்டிருக்கா பாருங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இல்லீங்களே மேடம்.”

“அப்ப அவங்க அட்டையில மட்டும் எதுக்கு?”

பிரிவை மாற்றும் அதிகாரம் மேடத்துக்கு இல்லை. அட்டையில் எந்த வரி அச்சாக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இருந்தது. தமிழுக்காகச் சண்டை போட்டபோது அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. கடைசி வரியை எடுத்துவிட்டார். அந்தப் பெண்மணிக்கு மட்டுமல்ல, மாவட்டத்தில் எல்லோருக்கும். ஒருவருக்கு மட்டும் எடுத்தால், எடுத்த இடமே பேசும் என்றார். கொடுத்த அட்டைகளைத் திரும்ப வாங்கிப் புதிதாக அச்சிட்டார்கள். அலுவலகம் முணுமுணுத்தது. பிரிண்டர் பகல் முழுக்க ஓடியது. லேமினேஷன் வாடை நடைகூடம்வரை வந்தது. அரசுப் பணத்தை வீணாக்கியதற்கு விளக்கம் கேட்டுப் புதுச்சேரியிலிருந்து குறிப்பாணை வந்தது. அவர் எழுதிய பதிலை எனக்குக் காட்டினார். ‘காரணம் அலுவலகத்துக்குத் தேவை, அட்டைக்குத் தேவையில்லை.’ அவ்வளவுதான். எங்கள் செய்தி ஆசிரியர் கையில் கொடுத்தால்கூட அதில் ஒரு சொல்லைக் குறைக்க முடியாது. புதிய அட்டையை வாங்க வந்தவர்களில் நெரவியிலிருந்து ஓர் இளம் விதவை, அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த பழையதைப்போல மறைக்காமல், கைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த மீனவப் பெண்மணிக்கு அலுவலக உதவியாளர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மூன்று நாள் கழித்து அந்தப் பெண்மணியே வந்தார். கதவு மெதுவாகத் திறந்தது. நான் வாசலைப் பார்த்தேன். நீலச் செருப்பு வெளியே சுவரோரமாக இருந்தது. மேடம் எழுந்து, தனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். புதிய அட்டையைக் கொடுத்தார். அவர் விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தார். பெயர், ஊர், எண். அதற்குக் கீழே வெறுமை.

“வெளிய எடுத்துட்டீங்க. உள்ள என்னங்க இருக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை மேடம் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம்; அந்த அறையில் யாரும் மறுத்திருக்க மாட்டோம். மேடம் திரையை அவர் பக்கம் திருப்பினார். “பழைய மாதிரியேதான் இருக்கு. மாத்தப் பாத்தேன், முடியல. எடுத்தா உங்களுக்குப் பணம் போகாது. முதியோர் வயசு வந்ததும் இந்தப் பிரிவுலேர்ந்து எடுத்து முதியோர்ல போட்டுடுவாங்க. அப்புறம் அவரப் பத்தின கேள்வியே இருக்காது. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இத யாரு பாப்பாங்க?”

“நானும், இங்க வேலை பாக்குறவங்களும்.”

“ஊர்ல யாரும்?”

“மாட்டாங்க.”

தலையை ஆட்டினார். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தவர், நின்று, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “சரிங்க மேடம், ஒருவேளை அவரு வந்துட்டாருன்னா?”

“வந்தார்னா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. அன்னைக்கே பணத்த நிறுத்திப்புடறேன்” என்றார் மேடம், கண்டிப்பான முகத்தோடு.

ஒரு நொடி அவர் மேடத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். அடக்க முடியாமல் வந்த, உடம்பு குலுங்கிய சிரிப்பு. மேடமும் சிரித்துவிட்டார். “நிறுத்துங்க மேடம், நிறுத்துங்க! அன்னைக்கு ஒரு கூடை வஞ்சிரம் கொண்டாந்து ஒங்க வாசல்ல எறக்குறேன். காசு வாங்க மாட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் எதிரில் அவருடைய கணவர் திரும்பி வரக்கூடும் என்பதுபோல ஒருவர் பேசியது அநேகமாக அன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

புதிய முறை நிலைபெற்றது. பிளாப்பி போய்விட்டது, உதவியாளர் பேருந்தில் எந்த இருக்கையிலும் உட்கார்ந்தார். விண்ணப்பத்தைக் கொம்யூனிலேயே பதிந்தார்கள். பூவத்தில் காலையில் பதிந்ததைப் புதுச்சேரியில் அப்போதே பார்த்தார்கள். மேடத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிரிவு உபசாரத்தில் அலுவலகம் அவருக்குக் காலுறை பரிசளித்தது; அவர் பேசும்போது இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், காரைக்காலின் வெயிலைப் பற்றியும் மீனைப் பற்றியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்னர் புதுச்சேரிக்குப் போகும்போது ஓரிரு முறை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசுவோம்.

சென்ற மாதம் ஓர் இருப்பிடச் சான்றுக்காகக் கடைத்தெருவில் இருக்கும் இணையச் சேவை மையத்துக்குப் போயிருந்தேன். அலைபேசிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிய அறை. கணினி முன்னால் ஓர் இளைஞர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் செருப்போடு உட்கார்ந்திருந்தோம். தரையில் தேநீர் சிந்திய தடம். என் முறைக்கு முன்னால் ஒரு பெண்மணி வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். “பரவால்லம்மா, போட்டுக்கிட்டே வாங்க” என்றார் இளைஞர். “இருக்கட்டும் தம்பி” என்று வெறுங்காலோடு வந்தார். முடி நரைத்து உடம்பு வற்றியிருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்தது.

பழைய அட்டையை நீட்டினார். லேமினேஷன் ஓரங்களில் பிரிந்து மஞ்சளாகியிருந்தது. இளைஞர் எண்ணைத் தட்டினார். “வயசு வந்துட்டதால முதியோருக்கு மாத்தணும், அதானேம்மா? வேற ஒண்ணும் கேக்கல. விரல வைங்க.” அவர் விரலை வைத்தார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குனிந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

நான் எழுந்து நின்று யார் என்று சொன்னேன். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். “பேப்பர்காரரு! கூடை தூக்கி வுட்டீங்களே.” மகள் தாதியாக வேலை பார்க்கிறாள், பேரன் இருக்கிறான் என்றார். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது என்றார். பிறகு கேட்டார், “மேடம் இருக்காங்களா?”

“இருக்காங்க. புதுச்சேரில. ரிட்டயர் ஆயிட்டாங்க.”

“பேசுவீங்களா?”

“பேசுவேன்.”

அட்டையைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “மாறிடுச்சுன்னு சொல்லுங்க. அவங்க சொன்னாப்புலயே, ஒண்ணுமே கேக்காம மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க.” வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “அப்புறம், அந்த ஒரு கூடை வஞ்சிரம். அத எறக்குற வேலை வரலன்னும் சொல்லிடுங்க சார்.”

குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் வேறு செருப்பு எதுவும் இல்லாததால் தேட வேண்டியிருக்கவில்லை.